நாளைக்கு வா

பள்ளிப்பட்டில் பஸ் ஏறும்போது தமிழ்,
நகரியில் இறங்கும்போது தெலுங்கு.
நடுவில் எந்தப் புளியமரத்தடியில் பாஷை மாறுகிறதென்று
ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

பையில் பாத்திரம் கழுவும் சோப்பு.
எலுமிச்சை வாசனை, பத்து ரூபாய்,
டஜனுக்கு ஒன்று இலவசம்.
தறிச் சத்தத்துக்கு மேலே கத்தி
இதைச் சொல்ல வேண்டும்.

நகரியில் ஒரு பழைய வீட்டுக் கதவின் மேல்
காவியில் யாரோ எழுதியது இன்னும் அழியவில்லை:
"ரேபு ரா."
நாளைக்கு வா.
ராத்திரி கதவு தட்டும் பேய்க்கு வீட்டுக்காரர் சொன்ன பதில்.
அது வரும், படிக்கும், திரும்பிப் போகும்.
மறுநாளும் வரும்.
லீவு போட்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

அந்த வீட்டிலிருந்து நான்காவது கடை
முனிரத்தினம் நாயுடுவுடையது.
அவர் சுவரில் எழுதவில்லை,
வாயால் சொல்கிறார்.
ரேபு என்றால் எங்கள் ரூட்டில் அடுத்த புதன்.
பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள்;
எனக்குப் புதன் தவறாமல் கிடைக்கிறது.

போன மாதம் திருத்தணி லாட்ஜ் மாடியில் பயிற்சி.
ஃபேன் ஓடியது, காற்று வரவில்லை.
ஒரு தாள் கொடுத்து
ஒன்று முதல் ஐந்துவரை வட்டமிடச் சொன்னார்கள்.
"என் இலக்கை எட்ட முடியும் என நம்புகிறேன்."
"வேலையில் மூழ்கி நேரம் போவதையே மறக்கிறேன்."
நேரத்தை மறந்தால் ஐந்து நாற்பது பஸ் போய்விடும்
என்று எழுத இடமில்லை.

பக்கத்தில் பிரபுதாஸ் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டான்.
போனை மச்சானின் பைக்கில் கட்டி அனுப்பிவிட்டு
பொதட்டூர்பேட்டை டீக்கடையில் இருப்பவன் அவன்.
மேப்பில் மட்டும் முப்பது கடை ஏறி இறங்குவான்.
குறை சொல்லவில்லை. முன்பு அவனும் நடந்தவன்தான்.
ஒரு மார்ச் கடைசியில், அத்தனை பேர் நடுவில்
மேனேஜர் அவனை எழுந்து நிற்கச் சொன்னார்.
நின்றான்.
உள்ளே எதுவோ அன்றைக்கு உட்கார்ந்துவிட்டது.

"தோல்விக்குப் பின் விரைவில் மீள்கிறேன்."
இதில் என் பேனா நின்றது.
விரைவில் என்றால் எவ்வளவு?
வேண்டாம் என்ற கடைக்கும் அடுத்த கடைக்கும்
சாதாரணமாக நாற்பது அடி.
அதற்குள் முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.
சில தெருக்களில் கடைகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன.
அங்கேதான் சிரமம்.
மூன்று போட்டேன்.

ஆடியில் சிக்குன்குனியா.
விரல் மூட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அழுதன.
இரண்டு புதன் போயிற்று.
மூன்றாவது புதன், பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு
படியேறினேன்.
நாயுடு துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்க்காமலே கேட்டார்:
"ரெண்டு வாராலு ராலேதே?"

நாற்பது புதன் வேண்டாமென்றவர்
வராத இரண்டை எண்ணியிருக்கிறார்.

பேய் வராத ராத்திரிகளில்
அந்தக் கதவுக்குப் பின்னால்
தூங்கியிருப்பார்களா, என்னவோ.

"அரை டஜன் போடு" என்றார் தமிழில்.
"ஒண்ணு இனாம் உண்டுல்ல?"
"டஜனுக்குத்தான் அண்ணா."
அவர் சிரிக்கவில்லை. நானும்.
பில் எழுதும்போது கை நடுங்கியது,
காய்ச்சலின் மிச்சம் என்று வைத்துக்கொண்டேன்.
பில்லைக் கிழித்து நீட்டிக் காசுக்கு நின்றேன்.

தராசு முள்ளிலிருந்து கண்ணெடுக்காமல்
"ரேபு ரா" என்றார்.

ஐந்து நாற்பதுக்கு
இன்னும் பதினோரு நிமிஷம்.
பஸ் ஸ்டாண்டு வழியில் இரண்டு கடை இருக்கிறது,
ஒட்டி ஒட்டி.